போர்வை எடை கழித்து

9 ஜூன் 2024, ஞாயிறு

சொசைட்டியில் காலைப் பாலை வண்டியேற்றி, கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எருத்தேன்பதிக்குப் போனேன். ஜீவிதா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து இது ஆறாவது தடவை. குழந்தைக்கு வெள்ளிக்கிழமை வந்தால் மூன்று மாதம். ருத்விகா என்று பெயர். ஜோசியர் எழுத்துக் கொடுத்தாராம். ஊரில் பாதிப் பேருக்கு வாயில் நுழையாததால் தங்கம் ஆகிவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம் இருந்தேன். ஜீவி என்னோடு பேசியது அதிகம் போனால் நாலு வாக்கியம். நாலாவது, "அந்தத் துண்ட எடுடி." சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற சின்னமுத்து அதில் தண்ணீர் கலந்துவிட்டு மழை மேல் பழி போட்ட கூத்தை அவளிடம் சொல்ல மூன்று நாளாக வைத்திருந்தேன். பாதியில் குழந்தை சிணுங்கியது. மீதிக் கதையைப் பஸ்ஸில் எனக்கே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குழந்தை அழகு. அதை எழுதாமல் விட்டால் பாவம். என் சுண்டுவிரலைப் பிடித்தால் விடுவதில்லை. கறவைக்கு ஏற்ற கை.

12 ஜூன்

எங்கள் மூவர் வாட்ஸாப் குரூப்பில் இந்துவின் குரல். "ஜனவரிக்கு வருவீங்களா மாட்டீங்களா? இப்பமே சொல்லுங்கட்டி, நான் லீவு எழுதிக் குடுக்கணும்."

இந்து சூரியநெல்லிக்காரி, சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பில் இருக்கிறாள். பாலக்காட்டுச் சித்தூர் கல்லூரியில் மூவரும் ஒரே பெஞ்சு. கடைசி வருஷத்திலிருந்து ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை அவள் வீட்டில் கூடுவது வழக்கம். எஸ்டேட் தொழிலாளர் லயத்தில், அந்த வரிசை வீட்டில், இரண்டு அறை, ஒரு கம்பளி, மூன்று பேர், அவள் அம்மா அழகுத்தாய் வைக்கிற கருவாட்டுக் குழம்பு. போன ஜனவரியில் ஜீவிக்கு ஏழு மாதம், மலை ஏறக்கூடாது என்றார்கள். நான் மட்டும் போனேன். இரண்டு நாளும் ஜீவியைப் பற்றியே பேசிவிட்டு வந்தோம். அடுப்புக்கு மூன்று கல் வேண்டும். இரண்டில் சட்டி நிற்காது.

ஒன்பது மணி நேரம் கழித்து ஜீவியிடமிருந்து பதில் வந்தது. ஒரு சிவப்பு இதயம். வருவாளா, மாட்டாளா? இதயத்தைப் பார்த்து டாக்டருக்கே எல்லாம் தெரியாது, எனக்கு என்ன தெரியும்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஜனவரியில் ஜீவி வந்தால் நாங்கள் இன்னும் நாங்கள்தான். வராவிட்டால் — வேண்டாம், எழுதமாட்டேன்.

30 ஜூன், ஞாயிறு

ஜீவி புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதாவது எங்கள் மீனாட்சிபுரத்துக்கு, என் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவுக்கு. கோகுல்நாத்துக்கு அவளைக் கட்டிவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உள்ளூரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சுயநலம். நன்றாகவே பலித்தது.

இனி தினமும் சாயங்காலம் போகலாம்.

21 ஜூலை

போனேன். "தூங்கறாங்க" என்றார் மாமியார் செல்லாத்தாள். அம்மாவா மகளா என்று கேட்கவில்லை. வந்துவிட்டேன்.

2 ஆகஸ்ட்

போனேன். குழந்தையைத் தூக்கினேன், கொஞ்சினேன், திருப்பிக் கொடுத்தேன், வந்தேன். காலையில் கோகுல் அண்ணன் பால் ஊற்ற வரும்போது பேசுகிற அளவுகூட அவர் பெண்டாட்டியோடு பேசுவதில்லை.

14 ஆகஸ்ட்

இன்று ஜீவி பேசினாள்! பேச்சு முழுக்கக் குழந்தையின் எடை. வருகிறவர்கள் எல்லாரும் "என்ன இப்படி எளச்சிருக்குது" என்று கேட்டுவிட்டுப் போகிறார்களாம். தன் பால் போதவில்லையோ என்று பயம். ஏழாம் தேதி அங்கன்வாடியில் ஆறு கிலோ முந்நூறு. அடுத்து நிறுப்பது அடுத்த மாதம்தான். அதுவரை எப்படி இருப்பது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவள் அழுததில் அல்ல, கடவுளே. என்னால் ஆகிற காரியம் ஒன்று கிடைத்ததில். பால் சொசைட்டியில் எட்டு வருஷமாக எடையும் கொழுப்பும் பார்க்கிற டெஸ்டர் நான். எலெக்ட்ரானிக் தராசு, பத்து கிராம் வித்தியாசம்கூடக் காட்டும். சனிக்கிழமை சாயங்காலப் பால் முடிந்ததும் கூட்டி வா என்றேன். முகம் தெளிந்துவிட்டது.

செல்லாத்தாள் அத்தைக்கு மட்டும் பிடிக்கவில்லை. குழந்தையை நிறுத்தால் கண் பட்டுவிடுமாம். அங்கன்வாடியில் நிறுத்தது எந்தக் கண் என்று கேட்டேன். அது சர்க்கார் கண், பரவாயில்லையாம்.

17 ஆகஸ்ட், சனி



தராசைக் கழுவித் துடைத்து, புதுப் பிளாஸ்டிக் கூடையில் துண்டு விரித்து, கூடையின் எடையைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் வைத்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். தங்கம் கூடைக்குள் காலை ஆட்டிக்கொண்டு சிரித்தாள். நம்பர் நின்றது. 6.23.

ஜீவி முகத்தில் ரத்தம் இல்லை. பத்து நாளில் எழுபது கிராம் குறைந்திருக்கிறது. இன்னொரு தடவை வைத்தேன். 6.23. நான் — ஏன் இந்த வாய்? — "கொழுப்பு எவ்வளவுன்னும் பாத்துரலாமா" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் சிரித்திருப்பாள்.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று சொன்னாள்: "நீ ஒண்ணு பெத்திருந்தீன்னா இப்படி வெளையாட மாட்டே."

கோகுல் அண்ணன் வண்டி கொண்டுவந்தார். பொள்ளாச்சி டாக்டரிடம் போனார்கள். ஏறு என்று யாரும் சொல்லவில்லை.

பெத்திருந்தா. முப்பத்து மூன்று வயசு. எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கேன், காதுல வாங்கினதில்ல. நீயுமாடி?

18 ஆகஸ்ட்

கோகுல் அண்ணன் வந்தார். கேனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார். டாக்டர் நிறுத்துப் பார்த்தாராம், ஆறு கிலோ நானூற்று இருபது. குழந்தை நன்றாக இருக்கிறாள், கூடித்தான் இருக்கிறாள், இனிமேல் பால் தராசில் போடாதீர்கள் என்றாராம்.

அப்படியானால் என் தராசு பொய் சொல்லுமா? எல்லாரும் போனபின் நானே ஏறி நின்றேன். ஐம்பத்தொன்பது இருநூற்று இருபது. போன வாரம் மருந்துக்கடை மெஷினில் அறுபத்தொன்று. ஒரு வாரத்தில் ஒன்றே முக்கால் கிலோ இளைத்திருக்கிறேன், கவலைக்கும் ஒரு பலன் உண்டு என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே மகிழ்ந்தேன். குனிந்து பார்த்தேன். நம்பருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. லிட்டர்.

எங்கள் தராசு எடையை எடுத்து, பாலின் கனத்துக்குக் கழித்துக்கொண்டு, லிட்டராகக் காட்டும். நூறு கிலோ பாலை வைத்தால் தொண்ணூற்றேழு லிட்டர் என்று வரும். கிலோ பார்க்க வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எட்டு வருஷம் அந்தத் தராசோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

குழந்தையை லிட்டரில் அளந்திருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ஆறே கால் லிட்டர் தங்கம். சிரித்து முடிந்ததும் இதை முதலில் யாரிடம் சொல்வேன் என்று நினைத்தேன். அங்கேதான் அழுகை வந்தது.

19 ஆகஸ்ட்

காரணத்தைக் கோகுல் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். கேட்டுவிட்டுக் கேனைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவகிட்ட நீயே வந்து சொல்லு மௌனி, அப்பத்தான் நல்லாருக்கும்" என்றார்.

போகமாட்டேன். தராசு தப்புக்கு நான் பொறுப்பு. அந்த வார்த்தைக்கு யார் பொறுப்பு?

1 செப்டம்பர்

இரண்டு வாரம். அவளும் வரவில்லை. ஊருக்குள் கதை பரவி, சின்னமுத்து கேனை வைக்கும்போதெல்லாம் "லிட்டருங்களா, கிலோங்களா" என்கிறான். தண்ணீர் கலக்கிறவனுக்கு வாயைப் பார்.

இந்து இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்து சலித்துவிட்டாள். "ஜனவரிக்கு நான் மட்டும் எங்க வீட்டுக்கு டூர் வரட்டுமாட்டி?" என்று கேட்டாள்.

9 செப்டம்பர், திங்கள்

இப்படி ஒன்று நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

சாயங்காலப் பால் முடிந்து கதவைச் சாத்தப்போனேன். செல்லாத்தாள் அத்தை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, திருட்டுச் சரக்கு கொண்டுவருகிறவர் மாதிரி உள்ளே வந்தார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கால் எட்டிப் பார்த்தது.

"ஏனம்மிணி, ஆரும் இல்லியே?"

"இல்லைங்கத்தை."

"சட்டுனு நிறு. கிலோவுல."

கண் படும் என்றவருக்கும் எடை தெரியாமல் இருக்க முடியவில்லை! பொத்தானை மூன்று தடவை சரிபார்த்தேன். ஆறு கிலோ எண்ணூற்று ஐம்பது. அத்தையின் வாய் காதுவரை போனது. உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, வாசல் மண்ணைக் கிள்ளிக் குழந்தையைச் சுற்றிப் போட்டார். இருபத்து மூன்று நாள் கழித்துப் பார்க்கிறேன். தங்கத்துக்கு என்னை நினைவிருந்தது. சுண்டுவிரலைப் பிடித்தாள்.

கிளம்பும்போது அத்தை, யாரோ வீட்டு விஷயம்போல, ஜீவி தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நின்று பால் வண்டி போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள் என்றார். "நீ இங்க கேனக் கழுவிட்டு நிக்கறே. எனக்கென்ன, சும்மா சொன்னேன்."

10 செப்டம்பர்

போனேன்.

ஜீவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தொட்டிலைக் காட்டினாள். "தூங்கறா. எழுப்பட்டுமா?" அந்தக் குரல் எனக்கு என்னவோ செய்தது. வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து நானும் மடித்தேன். லிட்டர் கதையைச் சொன்னேன், நான் ஏறி நின்று இளைத்துவிட்டேன் என்று மகிழ்ந்தது உட்பட. கோகுல் அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருப்பார். இருந்தும் முதல்முறை கேட்பதுபோல வாயில் துணியை வைத்துச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

அன்றைக்குச் சொன்ன வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது என்றாள். நான் அடுத்த துணியை எடுத்து மடித்தேன். பரவாயில்லை என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. பிறகு அவளே சொன்னாள்:

"எல்லாரும் புள்ளையப் பாக்கத்தான் வாராங்க. என்னையப் பாக்க நீ ஒருத்திதான் வருவேன்னு இருந்தேன். நீயும் வந்தொடனே புள்ளையத் தூக்கறே. புள்ளையவே நிறுக்கறே. நான் எப்படி இருக்கறேன்னு ஒரு நாளாச்சும் கேட்டயாடி?"

மூன்று மாதமாக இந்த நோட்டில் நான் எழுதிவைத்திருப்பது என்ன? குழந்தை ஜீவியை என்னிடமிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று. அங்கே அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள், என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று. ஆறு கிலோ சொச்சம் இருந்துகொண்டு இரண்டு பெரிய பொம்பளைகளைத் தூக்கியிருக்கிறாள்.

"எப்படி இருக்கறே?" என்று கேட்டேன். நேராக உட்கார்ந்து, அதற்கென்றே வந்தவள் மாதிரி.

ஒரு மணி நேரம் சொன்னாள். தூக்கம் இல்லாதது, முடி கொட்டுவது, கண்ணாடியில் யாரோ தெரிவது, சும்மா சும்மா வருகிற கோபம். மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டு கேட்டேன். கடைசியில், சின்னமுத்து மழை மேல் பழி போட்டானே, அது என்ன ஆச்சு என்றாள். ஜூன் மாதத்துப் பாதிக் கதை. ஞாபகம் வைத்திருக்கிறாள்! தொட்டிலில் தங்கம் சிணுங்கினாள். ஜீவி காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "நீ சொல்லு" என்றாள்.

சொல்லி முடித்தேன்.

15 செப்டம்பர், திருவோணம்

புதுச் சட்டம். நான் ஜீவி வீட்டுக்குப் போனால் முதல் பத்து நிமிஷம் குழந்தையை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. ஜீவியை மட்டும்தான் பார்க்க வேண்டும். இன்று அமலுக்கு வந்தது. நாலாவது நிமிஷத்தில் தங்கத்துக்கு ரோசம் வந்து கத்திக் கூப்பாடு போட்டாள். ஜீவிக்கு அப்படி ஒரு பெருமை. "அழுவட்டும், நீ பேசு."

அடுத்து அவளைச் சொசைட்டிக்குக் கூட்டிவந்து தராசில் ஏற்றினேன். ஜீவியை. கிலோவில். கல்யாணத்துக்கு முன்னால் இருந்ததைவிட மூன்று கிலோ குறைவு. அத்தையிடம் போய்ச் சொன்னேன், குழந்தை இளைக்கவில்லை, பெத்தவள்தான் இளைத்திருக்கிறாள், எல்லாரும் தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று. அத்தை என்னை முறைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினார். எனக்கும் ஒன்று.

3 நவம்பர்

இன்று ஆறு நிமிஷம்தான் தாங்கினேன். தங்கம் தவழ்ந்து வந்து என் காலைக் கடித்துவிட்டாள்.

29 டிசம்பர், ஞாயிறு

ஜனவரிப் பேச்சை நானாக எடுப்பதில்லை என்று இருந்தேன். வராவிட்டால் என்று ஜூனில் எழுதிப் பாதியில் விட்டிருக்கிறேனே, அதை இன்று முடித்துவிடலாம்: வராவிட்டாலும் ஒன்றுமில்லை. ஜீவி மூன்றாவது தெருவில் இருக்கிறாள். நான் போய் எப்படி இருக்கறே என்று கேட்பேன்.

இப்படிப் பெரிய மனுஷியாக எழுதிவைத்த இரண்டாவது மணி நேரத்தில் ஜீவி போன். "மௌனி, கம்பளி எத்தனை எடுக்கோணும்?"

குளிரில் பச்சைக் குழந்தையா என்று செல்லாத்தாள் அத்தை ஒரு வாரமாகக் குதித்தாராம். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாராம்: தானும் வருவேன். ஆனையைப் பார்க்க வேண்டுமாம். கோகுல் அண்ணன் மாட்டுக்குக் காவல். சொசைட்டியில் எனக்குப் பதில் இரண்டு நாள் சிவப்பிரகாஷ். பொத்தானைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

11 ஜனவரி 2025, சனி, சூரியநெல்லி

செபாஸ்டின் அண்ணன் ஓட்டுகிற வாடகை ஜீப்பில் உடுமலை, சின்னார், மறையூர் வழி. தங்கம் மூன்று தடவை வாந்தி எடுத்தாள், மூன்றும் என் மேல். வண்டியில் பாட்டு இல்லை, தூங்குகிறாள். ஜன்னலைத் திறக்கக் கூடாது, காற்று. போகிற வழியில் நின்று நின்று ஆரஞ்சு தின்னும் பழைய வழக்கம் எல்லாம் காலி. மறையூர் தாண்டியதும் ஜீவி என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். இரண்டு பேர் எச்சிலும் என் சட்டையில். இதைவிட நல்ல பயணம் நான் போனதில்லை.

சின்னக்கானல் தாண்டித் தூரத்துச் சரிவில் இரண்டு ஆனை. அத்தை ஜீப்பிலிருந்தபடியே கும்பிட்டார். வந்த வேலை முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்.

இந்து ஓடி வந்தாள். சொல்லிவைத்திருந்தபடி குழந்தையைப் பார்க்காமல் ஜீவியைக் கட்டிக்கொண்டு, "எப்படிட்டி இருக்க?" என்றாள். தங்கம் என் இடுப்பிலிருந்து கத்தினாள்.

சாயங்காலம் அழகுத்தாய் அம்மாவைக் கூட்டிவரத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனோம். கிள்ளிய இலையைச் சாக்கோடு தராசில் மாட்டுகிறார்கள். சூப்பர்வைசர் கருத்தப்பாண்டி அண்ணாச்சி சாக்கின் எடையைக் கழித்து, செக்ரோல் என்கிற கூலி நோட்டில் அவரவர் பேருக்கு நேரே எழுதுகிறார். வரிசை முடிந்ததும் ஜீவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"நிறுத்துருவமா?" என்றாள்.

நான் போய் முதலில் விளக்கைப் பார்த்தேன். கிலோ. தங்கத்தைப் போர்வையில் சுற்றித் தூளிபோலக் கொக்கியில் மாட்டி, இரண்டு பக்கமும் நானும் ஜீவியும் கை கொடுத்து, நம்பர் நிற்கிற நொடிக்கு மட்டும் விட்டோம். அத்தை அந்தப் பக்கம் திரும்பி நின்று மலையைப் பார்த்தார், தான் பார்க்காவிட்டால் கண் படாது என்று. எட்டரைக் கிலோ. அண்ணாச்சி சிரிக்காமல், போர்வைக்கு நானூறு கழித்தார்.

அழகுத்தாய் அம்மா விடவில்லை. "எங்க சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கியரு, பிள்ளைக்கு மட்டும் நானூறா?" என்று கேட்டார். வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அண்ணாச்சி பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "சரி. யாரு பேர்ல போட?"

சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டார். அம்மா பேர் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

ஜீவி முந்திக்கொண்டாள். "மௌனிகா பேர்ல போடுங்க. நான் பெத்ததோட சரி. இத்தன தூரம் சொமந்துட்டு வந்தது அவதான்."

அண்ணாச்சி எழுதினார். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அத்தை பார்த்த அதே மலையைப் பார்த்தேன்.

12 ஜனவரி, ஞாயிறு

எல்லாரும் தூங்குகிறார்கள். ஒரே கம்பளியில் ஜீவி, இந்து, நடுவில் தங்கம். என் இடத்தை அவள் எடுத்துக்கொண்டு கையையும் காலையும் விரித்திருக்கிறாள். நான் அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டு எழுதுகிறேன்.

அண்ணாச்சி எழுதியது பென்சிலால். ஆபீசுக்கு நோட்டைக் கொடுக்குமுன் அழித்திருப்பார். ஆகையால் இங்கே பேனாவால் எழுதிவைக்கிறேன்.

மௌனிகா — எட்டு கிலோ நூறு. போர்வை எடை கழித்து.